வெப்ப வளிமுகமா, குளிர் வளிமுகமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குளிர்ந்த காற்றுத் தொகுதியும் வெப்பக் காற்றுத் தொகுதியும் சந்திக்கும் எல்லைதான் வளிமுகம். அதை அடையாளம் காண்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். திசைகளை வட அரைக்கோளக் கணக்கில் தருகிறேன். தெற்கில் என்ன மாறும் என்பதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

கேள்வி: குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் சந்தித்தால் கலந்துவிட வேண்டியதுதானே? எல்லை எப்படி நிற்கிறது?

அடர்த்தி வேறு என்பதால் அவை எளிதில் கலப்பதில்லை. கனமான குளிர்காற்று தரையோடு ஒட்டிக்கொள்ளும், லேசான வெப்பக் காற்று அதன் மேல் ஏறும். எது முன்னேறுகிறதோ அதன் பெயர்தான் வளிமுகத்துக்கு. எல்லையின் சாய்வைக் கவனியுங்கள். குளிர் முகத்தில் ஏறத்தாழ 50 முதல் 100 கி.மீ. தூரத்துக்கு 1 கி.மீ. உயரம். வெப்ப முகத்தில் அதே 1 கி.மீ. ஏற 200 கி.மீ.கூட ஆகலாம். ஒன்றில் சட்டென்று கொட்டுவதற்கும் இன்னொன்றில் நாள் முழுக்கத் தூறுவதற்கும் இந்தச் சாய்வு முக்கியக் காரணம்.

கேள்வி: வரைபடம் இல்லாமல், வானத்தை மட்டும் பார்த்து வெப்ப வளிமுகம் வருவதைச் சொல்ல முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். மேகங்கள் வரும் வரிசையைப் பாருங்கள். முதலில் மிக உயரத்தில் மெல்லிய கீற்று மேகங்கள். அப்போது தரையில் வளிமுகம் பல நூறு கி.மீ. தள்ளி இருக்கும், சில சமயம் 1000 கி.மீ.கூட. அப்புறம் கீற்றுகள் சேர்ந்து வானம் முழுக்க வெண்திரையாகும். அடுத்து திரை தடித்து, இடைப்பட்ட உயரத்தில் உள்ள படை மேகமாகும். தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் சூரியன் மங்கித் தெரியும். இந்தக் கட்டத்தை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு: தரையில் உங்கள் நிழலைத் தேடுங்கள், இருக்காது. கடைசியில் சாம்பல் நிறக் கார்படை மேகம் தாழ்ந்து, விட்டுவிடாமல் மழை பிடிக்கும்.

இந்த நேரம் முழுக்க காற்றழுத்தம் சீராக இறங்கிக்கொண்டிருக்கும். முகம் கடந்ததும் இறக்கம் நிற்கும் அல்லது மெதுவாகும், தென்கிழக்குக் காற்று தென்மேற்காகத் திரும்பும், காற்றில் ஈரம் கூடும். வானம் உடனே தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாழ்ந்த மேகமும் தூறலும் மூடுபனியும் தொடரலாம்.

கீற்று மேகம் கண்டாலே மழை என்றும் முடிவுகட்ட வேண்டாம். அது தடித்துக்கொண்டும் தாழ்ந்துகொண்டும் வருகிறதா என்பதே கேள்வி. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: ‘அகல வட்டம் பகல் மழை’ என்பார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நிலவைச் சுற்றித் தெரியும் பெரிய வட்டம், கீற்றுப்படை மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் வருவது. அதன் ஆரம் 22 பாகை. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவு. மேலே சொன்ன வரிசையில் இது இரண்டாம் கட்டம். நிலவை ஒட்டிய சிறிய வண்ண வளையம் வேறு. அது பெரும்பாலும் நீர்த்துளிகளால் உண்டாவது.

கேள்வி: மதியம் திடீரென்று குளிர்ந்தது. குளிர் வளிமுகம் கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

வெப்பமானியை மட்டும் நம்பி அப்படிச் சொல்லக் கூடாது. இடிமழையிலிருந்து கீழிறங்கும் காற்றும் குளிர்விக்கும், கடற்காற்றும் குளிர்விக்கும். மூன்றைச் சேர்த்துப் பாருங்கள். இறங்கிக்கொண்டிருந்த அழுத்தம் சட்டென்று ஏறத் தொடங்கியதா? தென்மேற்குக் காற்று மேற்காகவோ வடமேற்காகவோ திரும்பி அங்கேயே நிலைத்ததா? பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, இறங்கியதா? மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தால் அது குளிர் முகம்தான். இடிமழைக் காற்றாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. காற்றில்லாத இரவில் தரையோடு குளிர்காற்று தேங்கியிருக்கும்போது குளிர் முகம் வந்தால், அதன் பலத்த காற்று மேலிருக்கும் வெப்பத்தைக் கீழே கலந்துவிட்டு, வெப்பநிலையைச் சிறிது நேரம் ஏற்றிவிடும்.

கேள்வி: குளிர் முகம் வந்தால் கட்டாயம் இடி, மின்னலா?

இல்லை. முன்னால் இருக்கும் வெப்பக் காற்று ஈரமாகவும் நிலையற்றதாகவும் இருந்தால்தான் இடி தரும் கார்திரள் மேகங்கள் வரிசையாக எழும். வறண்டிருந்தால் காற்று திரும்புவது மட்டும்தான் தெரியும், ஒரு துளி விழாது. மழை பெய்தாலும் பெரும்பாலும் குறுகிய பட்டைதான். கடந்தபின் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்து, தூரத்து மலைகூடத் துல்லியமாகத் தெரியும்.

கேள்வி: வானிலை வரைபடத்தில் முக்கோணம், அரைவட்டம், ஊதாக் கோடு எல்லாம் வருகிறதே?

நீல முக்கோணம் குளிர் முகம், சிவப்பு அரைவட்டம் வெப்ப முகம். அவை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அந்தப் பக்கம் முகம் நகர்கிறது. இரண்டும் மாறி மாறி எதிர்ப்பக்கங்களில் இருந்தால் முகம் ஏறத்தாழ நின்றிருக்கிறது. குளிர் முகம் பொதுவாக வேகமாக நகரும். அது வெப்ப முகத்தை எட்டிப்பிடித்து, இடையிலிருந்த வெப்பக் காற்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் ஊதாக் கோடு. முதல் உலகப்போர் முடிந்த கையோடு நார்வேயின் பெர்கன் நகரில் வானிலை அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ், அவர் மகன் யாக்கோப் உள்ளிட்டோர் உருவாக்கியதுதான் வளிமுகம் என்ற கருத்து. செயற்கைக்கோள் இல்லாமல், நெருக்கமாக அமைத்த கண்காணிப்பு நிலையங்களின் பதிவுகளைக் கொண்டே இதைக் கண்டறிந்தார்கள்.

கேள்வி: தென் அரைக்கோளத்தில்?

மேக வரிசை மாறாது, காற்றின் திசை மாறும். அங்கே குளிர் முகம் கடக்கும்போது வடமேற்குக் காற்று தென்மேற்காகும்.

கேள்வி: பூமத்திய ரேகைக்கு அருகில் இவற்றைப் பார்க்க முடியுமா?

அரிது. அங்கே பக்கத்துப் பக்கத்துக் காற்றுகளிடையே வெப்ப வேறுபாடு குறைவு.

கேள்வி: குளிர்காலத்தில் வெப்ப முகம் ஆபத்தானது என்கிறார்களே, வெப்பம்தானே வருகிறது?

வெப்பம் முதலில் மேலேதான் வருகிறது, தரையில் இல்லை. மேலே பனி உருகி மழையாகி, கீழே தேங்கியிருக்கும் உறைநிலைக்குக் குறைவான காற்றுக்குள் விழும். அந்தத் துளிகள் சாலையையும் மரக்கிளையையும் மின்கம்பியையும் தொட்ட நொடியில் பனிக்கட்டியாகிவிடும். மழைதானே என்று வண்டி எடுக்காதீர்கள்.

கேள்வி: பிற்பகலில் குளிர் முகம் கடக்கும் என்று முன்னறிவிப்பு. காலையில் மலையேறலாமா?

முகம் சொன்ன நேரத்துக்கு முன்பே வரலாம், அதற்கு முன்னால் தனி இடிமழை வரிசையும் ஓடலாம். அதனால் மதியத்துக்குள் முகட்டிலிருந்து இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். முடியாதென்றால் அன்று போக வேண்டாம். இடி கேட்டால் திறந்தவெளியில் நிற்காமல் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.