'பாடு' பெயரா, வினையா?

மதிப்பிற்குரிய ஐயா,

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்காம் வகுப்பில் பெயர், வினை, இடை, உரி என்னும் நான்கு வகைச் சொற்களையும் நடத்தினேன். கரையில் மீனை இனம் பிரித்துக் கூடையில் போடுவதுபோலச் சொல்லையும் பிரிக்க வேண்டும் என்று விளக்கி, நான்கு கூடைகளும் சொல்லட்டைகளும் வைத்தேன். இலக்கணத்தைத் தவறில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் 'நீந்துதல்' அட்டையை வினைக் கூடையிலும், 'பெரிய' அட்டையை உரிக் கூடையிலும் போடுகிறார்கள். ஆங்கில வகுப்பில் எட்டு வகை என்று படிப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. எதை முதலில் தொடங்குவது?

தங்கள் வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் 'நீந்துதல்' அட்டையை வினைக் கூடையில் போட்டதில் நியாயம் இருக்கிறது. செயலைக் குறிப்பது வினைச்சொல் என்று பாடத்தில் படித்ததை அவர்கள் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்கள், நீந்துவது செயல்தானே? குறை அந்த விளக்கத்தில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் வினையியல் தொடங்கும்போது செயலைப் பற்றிப் பேசுவதே இல்லை. 'வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது, நினையுங் காலைக் காலமொடு தோன்றும்' என்றுதான் தொடங்குகிறது; வினை, வேற்றுமை உருபை ஏற்காது, காலம் காட்டும் என்பது பொருள். சொல் எதைக் குறிக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது எதை ஏற்கும், எதை ஏற்காது, எதைக் காட்டும் என்று பார்க்கும் இந்த வழி, ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் எட்டும் என்பது என் எண்ணம்.

வகுப்பில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு சொல்லோடு 'ஐ' என்னும் வேற்றுமை உருபைச் சேர்த்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்; ஏற்றால் அது பெயர். வலையை, பாம்பனை, வாடைக்காலத்தை, செவுளை, உவர்ப்பை, நீந்துதலை என எல்லாம் இடறாமல் வரும். நன்னூல் கூறும் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறு வகைப் பெயர்களும் இந்த வரிசையிலேயே வந்துவிட்டன. ஆறின் பெயர்களையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அடுத்து, 'நேற்று', 'நாளை' என்னும் இரண்டையும் முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று நீந்தினான், நாளை நீந்துவான் என்று சொல்லே உருமாறுகிறது. நீந்துதலோ நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே உருவில் நிற்கிறது. இனி எந்தக் கூடை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இரண்டு சோதனையும் ஒருசேரப் பொருந்தும் சொற்களும் உண்டு. 'அப்பா வலை இழுத்ததைப் பார்த்தேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தச் சொல் காலமும் காட்டுகிறது, 'ஐ' உருபையும் ஏற்றிருக்கிறது. அங்கே உருபு ஏற்றதையே பார்த்துப் பெயர் என்று கொள்ளுங்கள். பழைய பாடல்களில் 'வந்தானைக் கண்டேன்' என்பதுபோல வினைமுற்றின் வடிவமே பெயராகி உருபேற்று வருவதும், அதை வினையாலணையும் பெயர் என்பதும் நீங்கள் அறிந்ததே. நான்காம் வகுப்பில் அதை எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் மீன் கூடை உவமையோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நெத்திலி எந்தக் கூடையில் கிடந்தாலும் நெத்திலிதான். சூடையோடு கலந்துவிட்டாலும் அது சூடையாகாது. சொல் அப்படி இருப்பதில்லை. 'இன்றைக்கு நல்ல பாடு' என்று கரையில் பேசும்போது பாடு என்பது கிடைத்த மீனைக் குறிக்கும் பெயர். 'நீ ஒரு பாட்டுப் பாடு' என்னும்போது அதுவே வினை. கரைவலையில் மீன் சேரும் பையாகிய மடி பெயர்; துணியை மடி என்றால் வினை. தனி அட்டையில் 'மடி' என்று எழுதிக் கொடுத்தால் உங்களாலும் என்னாலும்கூட வகை சொல்ல முடியாது. ஆகவே சொல்லட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, முழு வாக்கியங்களைக் கொடுங்கள்.

இனி, வகைகள் எத்தனை என்பது. தொல்காப்பியமே சொல் என்பது பெயர், வினை என இரண்டுதான் என்று சொல்லி, இடையும் உரியும் அவற்றின் வழியே தோன்றும் என்கிறது. தொடக்கப் பள்ளிக்கு அந்த இரண்டு போதும். உம், தான், ஆவது போன்ற இடைச்சொற்களைப் பெயர் சூட்டாமல் பயன்படுத்தவிடுங்கள். 'நானும் வருகிறேன்', 'நான்தான் வருகிறேன்' ஆகியவற்றின் வேறுபாடு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வருமுன்பே தெரியும். உரிச்சொல்லைச் செய்யுளுக்கு உரியது என்றே நன்னூல் வரையறுக்கிறது. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஒப்பிக்கும் பிள்ளை அவற்றை எந்தப் பாட்டிலும் சந்தித்திருக்காது. சந்திக்கும் வகுப்பு வரட்டும்.

'பெரிய' அட்டை உரிக் கூடைக்குப் போனது ஆங்கில வகுப்பின் விளைவு. அட்ஜெக்டிவ் என்றால் உரிச்சொல் என்று யாரோ சமன்பாடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்; வழிகாட்டி நூல்கள் சிலவற்றிலும் இதைப் பார்க்கலாம். 'பெரிய' என்பதை, காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல் ஒரு பெயரைக் கொண்டு முடிவதால், மரபிலக்கணம் குறிப்புப் பெயரெச்சம் என்னும். இன்றைய இலக்கணக்காரர்கள் பெயரடை என்பார்கள். எட்டையும் நான்கையும் கோடு போட்டு இணைக்க முடியாது. அங்கே தனி வகையாக நிற்கும் ப்ரோநவுன் நம்மிடம் பெயருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆங்கில எட்டை ஆங்கிலப் பாடவேளைக்கு விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்குச் சொற்களைப் பிள்ளைகளே கரையிலிருந்து கொண்டுவரட்டும். எஞ்சின், ஜிபிஎஸ், வாக்கிடாக்கி என்று வந்தாலும் தடுக்க வேண்டாம். எஞ்சினை, ஜிபிஎஸ்ஸை என்று அவையும் உருபேற்கும். பிறகு 'ஸ்டார்ட்' என்னும் சொல்லைக் கொடுத்து, 'நேற்று', 'நாளை' சேர்க்கச் சொல்லுங்கள். அது தனியே காலம் காட்டாமல் 'பண்ணினான்', 'பண்ணுவான்' என்று ஒரு தமிழ் வினையைத் துணைக்கு அழைக்கும். ஏன் என்று வகுப்பில் கேட்டு, வந்த விடைகளை எனக்கும் எழுதுங்கள்.