கணினி கேள்வி-பதில்: ஃபிளாஸ்க்கும் மாங்கோடிபி அட்லஸும்

கேள்வி: ஃபிளாஸ்க்கில் (பைத்தானில் வலை ஆப் எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு சின்ன நூலக ஆப் எழுதி, இணையவழித் தரவுத்தளச் சேவையான மாங்கோடிபி அட்லஸின் இலவச கிளஸ்டரோடு (சர்வர்களின் தொகுதி) இணைத்திருக்கிறேன். வீட்டில் நன்றாக ஓடுகிறது. கல்லூரி வைஃபையில் அரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, ‘சர்வர் செலக்‌ஷன் டைம்அவுட்’ என்கிறது. நிரலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லையே? (கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: நிரலைத் தொடாதீர்கள். அந்த அரை நிமிடத்திலேயே விடை இருக்கிறது. பைத்தானை மாங்கோடிபியோடு இணைக்கும் நிரலகமான பைமாங்கோ, சர்வரைத் தேடிக் காத்திருக்கும் இயல்பு நேரம் 30 வினாடி. பாஸ்வேர்டு தவறென்றால் அட்லஸ் உடனே மறுத்துவிடும். காத்திருந்து விழுகிறது என்றால் உங்கள் கோரிக்கை அங்கே போய்ச் சேரவே இல்லை.

முதலில் அட்லஸின் ‘நெட்வொர்க் அக்சஸ்’ பக்கத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டு ஐபி முகவரி மட்டும்தான் அதில் இருக்கும். கல்லூரியில் இருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து, தற்போதைய முகவரியைச் சேருங்கள். சோதனைக்காக, எல்லா முகவரியையும் அனுமதிக்கும் 0.0.0.0/0 போடலாம். ஆனால் 6 மணி நேரத்தில் தானே அழியும் தற்காலிகப் பதிவாகப் போடுங்கள். நிரந்தரமாக விட்டால் உலகத்துக்கே கதவைத் திறந்துவைத்த மாதிரி. அதற்கும் மசியவில்லை என்றால், மாங்கோடிபி பயன்படுத்தும் 27017 போர்ட்டைக் கல்லூரி ஃபயர்வால் வெளியே விடவில்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. சர்வரோடு பேசும் ‘மாங்கோகிளையன்ட்’டை நிரலில் உருவாக்கும் வரி பிழையில்லாமல் ஓடினால் இணைப்பு கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த வரி சர்வருக்காகக் காத்திருப்பதில்லை. தரவு கேட்டு முதல் வினவல் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் ஆப் தொடங்கும்போதே சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் ‘பிங்’ கட்டளை ஒன்றை அனுப்புங்கள். எழுதிப் பழகும் காலத்தில் காத்திருப்பு நேரத்தை 5000 மில்லிவினாடியாகக் குறைத்துக்கொண்டால் பொறுமையும் மிஞ்சும்.

கேள்வி: பாஸ்வேர்டைப் பத்து முறை சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் அட்லஸில் இணையும்போது ‘பேட் ஆத்’ (பயனர் சரிபார்ப்பு தோல்வி) என்றே வருகிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: எந்தப் பாஸ்வேர்டு? அட்லஸ் தளத்தில் நுழையும் கணக்கு வேறு. ‘டேட்டாபேஸ் அக்சஸ்’ பக்கத்தில் உருவாக்கும் பயனர் வேறு. இணைப்பு முகவரியில் இரண்டாவதுதான் வர வேண்டும். அட்லஸ் தரும் முகவரியில் பாஸ்வேர்டுக்கான இடத்தைச் சுற்றியிருக்கும் < > குறிகளை அழிக்காமல் விடுவதும் வழக்கமான தவறு. பாஸ்வேர்டில் @ இருந்தால் %40, / இருந்தால் %2F, : இருந்தால் %3A என்று மாற்றி எழுத வேண்டும். எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட நீளமான பாஸ்வேர்டு வைத்தால் இந்த வம்பே இல்லை. அதை நிரலுக்குள் எழுதாமல், நிரலுக்கு வெளியே கணினியில் அமைக்கும் சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) வையுங்கள். ஏற்கெனவே கிட்ஹப்பில் ஏற்றிவிட்டீர்களா? அழித்தால் போதாது, பழைய கமிட்டில் (சேமித்த முந்தைய பதிப்பில்) கிடக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

கேள்வி: இணைப்புகள் வரம்பின் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாக அட்லஸிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. எங்கள் ஆப்பில் அவ்வளவு கூட்டமே இல்லை. ஆப்பை இயக்கும் சர்வர் மென்பொருளான குனிகார்னில் 4 வொர்க்கர் (ஆப்பின் தனித்தனி இயக்கங்கள்) ஓடுகின்றன. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஒவ்வொரு ரூட்டுக்குள்ளும் (ஒரு வலை முகவரிக்குப் பதில் தரும் நிரல் பகுதி) புதிதாக ஒரு மாங்கோகிளையன்ட் உருவாக்குகிறீர்கள் என்று ஊகிக்கிறோம். ஒரு கிளையன்ட் என்பது ஒரு இணைப்பு அல்ல, இணைப்புகளின் தொகுப்பு. சர்வர்களைக் கண்காணிக்க மட்டும் ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு இணைப்பு எடுத்துக்கொள்ளும். அட்லஸ் கிளஸ்டரில் மூன்று சர்வர்கள் என்பதால் அதற்கே ஆறு. வினவலுக்கு ஒன்று சேர்த்தால் ஏழு. ஒரே சமயத்தில் 70 கோரிக்கை வந்தால் 490. இலவச கிளஸ்டரின் வரம்பு 500.

கிளையன்ட்டை ஆப் தொடங்கும்போது ஒரே முறை உருவாக்கி, எல்லா ரூட்டுகளும் அதையே பயன்படுத்தட்டும். கோரிக்கை முடிந்ததும் மூடவும் வேண்டாம். மூடினால் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் டிஎல்எஸ் கைகுலுக்கலும் பயனர் சரிபார்ப்பும் முதலிலிருந்து நடந்து ஆப் மந்தமாகும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆப்பை முன்கூட்டியே ஏற்றும் ‘பிரீலோட்’ வசதியோடு குனிகார்னை ஓட்டினால், வொர்க்கர்கள் பிரிவதற்கு முன்பே கிளையன்ட் உருவாகிவிடும். பிரிந்த பிறகு அதைப் பயன்படுத்தினால் எப்போதாவது டெட்லாக் ஆகி (ஒன்றுக்கொன்று காத்திருந்து முடங்கி) நிற்கும். எச்சரிக்கைச் செய்தி லாகில் (ஆப்பின் பதிவேட்டில்) வரும், யாரும் படிப்பதில்லை. பிரீலோடைக் கைவிடுங்கள், இல்லையேல் வொர்க்கர்கள் பிரிந்த பின் வரும் ‘போஸ்ட் ஃபோர்க்’ கட்டத்தில் ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனியாக உருவாக்குங்கள். ஒரு கிளையன்ட்டின் இணைப்புத் தொகுப்புக்கு இயல்பான உச்சவரம்பு சர்வருக்கு 100. நான்கு வொர்க்கருக்கு 400. ஆப்பின் இன்னொரு பிரதியை ஏற்றினால் 800. உங்கள் அளவுக்கு அதை 10 அல்லது 20 என்று குறைத்தாலே தாராளம்.

கேள்வி: மாங்கோடிபியில் இருக்கும் ஆவணத்தை (ஒரு பதிவை) ஃபிளாஸ்க்கிலிருந்து ஜேசன் என்ற உரை வடிவத்தில் அனுப்பினால், ஆவணத்தின் அடையாள எண்ணான ‘ஆப்ஜெக்ட்ஐடி’ பற்றிப் புலம்புகிறது. (வாசகி, மதுரை)

பதில்: ஆப்ஜெக்ட்ஐடியைச் சரமாக (ஸ்ட்ரிங்) மாற்றி அனுப்புங்கள். திரும்ப அந்த ஐடியை வைத்துத் தேடும்போது மறுபடி ஆப்ஜெக்ட்ஐடியாக்க மறக்காதீர்கள். மறந்தால் பிழைச்செய்தி வராது. வெறுமனே ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: இலவச கிளஸ்டரிலேயே கடையின் பில்லிங்கை ஓட்டலாமா? (வாசகர், கரூர்)

பதில்: 512 எம்பி இடம் சின்னக் கடைக்குப் போதும். ஆனால் அட்லஸ் அதற்கு பேக்கப் எடுப்பதில்லை. ‘மாங்கோடம்ப்’ கருவியால் தினமும் நீங்களே எடுக்க வேண்டும். கணக்கு வழக்கு என்பதால் கட்டணத் திட்டத்தையே சொல்வோம். எதுவானாலும், ஆப் ஓடும் சர்வர் மும்பையில் இருந்தால் கிளஸ்டரையும் மும்பையிலேயே உருவாக்குங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து வினவல் போகும் ஆப்பில், சர்வர் ஒரு கண்டத்திலும் தரவு இன்னொன்றிலும் இருந்தால் தேடலை வேகமாக்கும் எந்த இண்டெக்ஸும் காப்பாற்றாது.