நெட்வொர்க்கில் பூட் ஆகிறது, ஆனால் நெட்வொர்க் டிரைவர் இல்லை என்கிறதே?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பில் இருக்கிறேன். 30 கம்ப்யூட்டர்களுக்கும் மைக்ரோசாஃப்டின் எம்டிடி (விண்டோஸ் ஏற்றும் படிகளைத் தயாரிக்கும் கருவி), டபிள்யூடிஎஸ் (பூட் இமேஜை நெட்வொர்க்கில் அனுப்பும் சர்வர் சேவை) மூலம் விண்டோஸ் 11 ஏற்றுகிறோம். பழைய 18-ல் ஏறிவிட்டது. புதிதாக வந்த 12 மட்டும் பிஎக்ஸ்இ-யில் (நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகும் முறை) பூட் ஆகி, பாதியில் 'நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லை' என்று நின்றுவிடுகின்றன. விற்றவரைக் கேட்டால், லேன் சிப் கோளாறு, தனி கார்டு போடணும், ஒன்றுக்கு 900 ரூபாய் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். சிப் கெட்டிருந்தால், விண்டோஸ் ஏற்றும் வேலையைத் தொடங்கும் கோப்பான பூட் இமேஜே வந்து சேர்ந்திருக்காது. சில நூறு எம்பி அந்தச் சிப் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது.

பிஎக்ஸ்இ நேரத்தில் வேலை பார்ப்பது விண்டோஸ் அல்ல, போர்டிலேயே இருக்கும் ஒரு சின்ன புரோகிராம். பூட் இமேஜை மெமரியில் இறக்கியதும் அது ஒதுங்கிவிடும். கொள்ளிடத்துப் பரிசல்காரர் மாதிரி, அக்கரையில் இறக்கிவிட்டால் அவர் வேலை தீர்ந்தது. அடுத்து எழுவது வின்பிஇ என்ற குட்டி விண்டோஸ். லேன் சிப்போடு பேச அதற்குத் தனியாக டிரைவர் வேண்டும். பழைய 18-க்கு அது உள்ளேயே இருந்தது, புதிய சிப்புக்கு இல்லை, அவ்வளவுதான்.

திரையில் வந்த செய்தியிலேயே சிப்பின் அடையாளம் இருக்கும், போட்டோ எடுத்து வையுங்கள். 'வென்' என்பதை அடுத்து 8086 என்றிருந்தால் இன்டெல், 10ஈசி என்றிருந்தால் ரியல்டெக். 'டெவ்' என்பதை அடுத்து வருவது சிப்பின் எண். ரியல்டெக்கில் 8168 பழைய ஒரு ஜிகாபிட் சிப், 8125 என்றால் 2.5 ஜிகாபிட் சிப்.

அதே இடத்தில் எஃப்8 அழுத்தினால் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை வரும். ஐபிகான்ஃபிக் அடியுங்கள். தலைப்பு மட்டும் வந்து ஐபி எண் எதுவும் வராவிட்டால் டிரைவர் இல்லை. 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது, கேபிள், சுவிட்ச், டிஎச்சிபி (ஐபி எண் வழங்கும் சேவை) பக்கம் தேடுங்கள்.

சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். இஎக்ஸ்இ கோப்பாக வந்தால் அப்படியே பயன்படாது. விரித்தெடுத்து, ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் கோப்புகள் மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். 8125-க்கு இரண்டு வகை டிரைவர் கொடுத்திருந்தால் என்டிஐஎஸ் என்று போட்டிருப்பதை எடுங்கள், மற்றது வின்பிஇ-யில் பல நேரம் ஏறாது. ஃபோல்டரை பென் டிரைவில் போட்டு, அதே கறுப்புத் திரையில் 'டிஆர்விலோட்' கட்டளையோடு ஐஎன்எஃப் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். பிறகு 'டபிள்யூபிஇயூட்டில் இனிஷியலைஸ்நெட்வொர்க்', மறுபடி ஐபிகான்ஃபிக். எண் வந்துவிட்டால், விற்றவரைக் கூப்பிட்டு அந்தத் திரையைக் காட்டுங்கள். 10,800 ரூபாய்க்கு அதுதான் பதில்.

இனி நிரந்தர வேலை. எம்டிடி-யின் அவுட்-ஆஃப்-பாக்ஸ் டிரைவர்ஸில் வின்பிஇ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, லேன் டிரைவரையும் டிஸ்க் டிரைவரையும் மட்டும் அதில் சேருங்கள். சவுண்டு, கிராஃபிக்ஸ் எல்லாம் பூட் இமேஜுக்கு வேண்டாத சுமை. அந்த ஃபோல்டருக்கு ஒரு செலக்ஷன் புரொஃபைல் (எந்த ஃபோல்டர்களை எடுக்க வேண்டும் என்ற பட்டியல்) உருவாக்கி, விண்டோஸ் பிஇ தாவலில் 64 பிட்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்து, 'அப்டேட் டிப்ளாய்மென்ட் ஷேர்' கொடுங்கள். பூட் இமேஜை முழுதாகப் புதிதாக உருவாக்கும் விருப்பத்தையே எடுங்கள்.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, டிரைவர் சேர்த்தும் அதே பிழை வருகிறது என்று புலம்புகிறார்கள். எம்டிடி புது இமேஜ் செய்ததே டபிள்யூடிஎஸ்-க்குத் தெரியாது, அது பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். அங்கேயும் போய் பூட் இமேஜில் வலது கிளிக் செய்து 'ரீப்ளேஸ் இமேஜ்' கொடுக்க வேண்டும். ஒரே கம்பெனியின் இரண்டு கருவிகள், ஒன்றுக்கொன்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாது. இத்தனை வருடத்தில் இதைக்கூடச் சரிசெய்யவில்லை.

இதற்கிடையில் யாராவது 'எல்லா டிரைவரும் போட்ட ரெடி இமேஜ்' என்று பென் டிரைவை நீட்டுவார்கள். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து எல்லோருக்கும் அவசரம், அதில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. அந்த இமேஜ்களில் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓடவைக்கும் கள்ள ஆக்டிவேட்டர் இருக்கும், அது வேலை செய்ய விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்து வைத்திருப்பார்கள். மாணவர்கள் பென் டிரைவ் செருகும் லேபில் அதை ஏற்றுவது தெரிந்தே திருடனுக்குத் திண்ணை கொடுப்பது. தானாக டிரைவர் தேடித்தரும் இலவச மென்பொருள்களும் வேண்டாம். தேவையில்லாததை ஏற்றிவிட்டு, வேண்டியதற்குப் பணம் கேட்கும்.

விண்டோஸ் ஏறியபின் வேண்டிய மற்ற டிரைவர்களை, கம்பெனி பெயர், மாடல் பெயர் என்று ஃபோல்டராகப் பிரித்து வையுங்கள். டாஸ்க் சீக்வென்ஸில் (எம்டிடி வரிசையாகச் செய்யும் படிகளின் பட்டியல்) 'இன்ஜெக்ட் டிரைவர்ஸ்' படிக்கு முன்னால் 'டிரைவர்குரூப்001' மாறியில் (வேரியபிள்), கம்பெனி பெயருக்கு 'மேக்', மாடல் பெயருக்கு 'மாடல்' மாறிகளை வைத்து அந்தப் பாதையைக் கொடுத்து, இன்ஜெக்ட் டிரைவர்ஸின் செலக்ஷன் புரொஃபைலை 'நத்திங்' ஆக்கிவிட்டால், அந்தந்த மாடலுக்கு அதனதன் டிரைவர் மட்டும் போகும்.

ஆனால் கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்கு இது பலிக்காது. கும்பகோணம், தஞ்சாவூர் கடைகளில் கட்டித்தரும் பெட்டிகள் பலவற்றில் மாடல் பெயர் என்று கேட்டால் 'சிஸ்டம் புராடக்ட் நேம்' என்றே பதில் வரும், இன்னும் சிலதில் 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்' (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது). நிரப்ப வேண்டிய இடத்தை யாரும் நிரப்பாமல் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று விதமான போர்டுகள் ஒரே பெயரைச் சொன்னால், மூன்றும் ஒரே ஃபோல்டரைத்தான் தேடும். அவற்றுக்கு மாடல் மாறிக்குப் பதில் 'புராடக்ட்' மாறியைக் கொடுங்கள், அது மதர்போர்டின் பெயரை எடுக்கும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 திறந்து 'பேஸ்போர்டு புராடக்ட்' வரியைப் பாருங்கள். ஃபோல்டர் பெயர் அதோடு எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட ஒத்துப்போக வேண்டும். பார்த்து டைப் செய்யாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள்.

டெண்டரில் பிராசஸர், ராம், எஸ்எஸ்டி என்று மூன்று வரி எழுதி, குறைந்த விலைக்காரருக்குக் கொடுக்கும்வரை இந்தத் தொல்லை தீராது. ஒரே மாடல் பெயரில் அடுத்த லாட்டில் லேன் சிப் மாறி வரும். அடுத்த முறை சரக்கு வந்ததும் ஒன்றை எடுத்து நெட்வொர்க்கில் விண்டோஸ் ஏற்றிப் பார்த்துவிட்டு, அதன்பின் ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.

லேன் சரியானதும் 'டிஸ்க் இல்லை' என்று நின்றால் பதற வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்தவற்றில் பயாஸில் விஎம்டி (எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் வின்பிஇ-க்கு எஸ்எஸ்டி தெரியாது. இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் டிரைவரை அதே வின்பிஇ ஃபோல்டரில் சேருங்கள், அல்லது விண்டோஸ் ஏற்றும் முன்பே விஎம்டியை ஆஃப் செய்யுங்கள். ஏற்றிய பிறகு அதைத் தொட்டால் நீலத் திரை வந்து பூட் ஆகாது.