சவுண்ட் கார்ட் வாங்க முதல் அந்த இரைச்சலைப் பாரும்

கொக்குவிலில இருந்து ஒரு தம்பி கேக்கிறார்: அப்பாவின்ரை பழைய அம்புக்கு (சத்தத்தைப் பெருக்கிற அம்ப்ளிஃபையர்) கொம்பியூட்டரில இருந்து வயர் குடுத்தா 'ம்ம்ம்' எண்டு இரையுதாம், பாட்டும் வடிவா இல்லையாம், நல்ல சவுண்ட் கார்ட் ஒண்டு வாங்கவோ எண்டு.

பொறும் தம்பி, காசு பேந்து. உந்த 'ம்ம்ம்' பெரும்பாலும் கார்டின்ரை பிழை இல்லை, எர்த் ரெண்டு வழியால சுத்தி வந்து எங்கட 50 ஹேர்ட்ஸ் கரண்ட் ஓடியோ வயருக்குள்ள ஏறுறதுதான். லப்டொப் எண்டா சார்ஜரைக் கழட்டிப்போட்டு பட்டரியில ஓட விட்டுப் பாரும், நிண்டுட்டுதோ, ஆள் பிடிபட்டிட்டார். ரெண்டையும் ஒரே மல்டிபிளக்கில குத்தும், அதுக்கும் அடங்காட்டி ஓடியோ வயருக்கு நடுவில கிறவுண்ட் லூப் ஐசொலேட்டர், அதாவது அந்த எர்த் சுத்தை வெட்டிவிடுற சின்னச் சாமான் ஒண்டு போடலாம். பிளக்கின்ரை எர்த் பின்னை முறிக்கிற வேலை மட்டும் வேண்டாம், ஷொக் அடிச்சா பாட்டுக் கேக்க ஆள் இருக்காது.

மேசைக் கொம்பியூட்டர் எண்டா வயரைப் பின்பக்கப் பச்சை ஓட்டையில குத்தி, விண்டோஸ் வொலியூமை 100 இல விட்டு, அம்பில கூட்டிக் குறையும், ஏனெண்டா கொம்பியூட்டரில குறைச்சா பாட்டுத்தான் குறையும், கார்டின்ரை 'ஸ்ஸ்' அப்பிடியே நிக்கும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில என்ஹான்ஸ்மென்ட் எண்டு சத்தத்தை மாத்திற வேலையள் இருக்கும், எல்லாத்தையும் நிப்பாட்டும். சிடியின்ரை சாம்பிள் ரேட் (செக்கனுக்கு எத்தினை தரம் சத்தத்தை அளந்தது எண்டது) 44.1 கிலோஹேர்ட்ஸ்தான், விண்டோஸில 192 போட்டா புதுசா ஒண்டும் முளைக்காது.

பாட்டு வடிவா இல்லாததுக்கு முக்கால்வாசிக் காரணம் அறை. சீமெந்து நிலம், வெறும் சுவர், மூலைக்குள்ள ஸ்பீக்கர் பொக்ஸ், பேஸ் எண்ட தடிச்ச சத்தம் திரண்டு நிக்கும். முதல் பொக்ஸை மூலையில இருந்து வெளியில இழுத்து வையும். பிறகு ஈக்வலைசர் ஏபிஓ எண்டு ஒரு சொப்ட்வெயர், தடிச்ச சத்தம் மெல்லிய சத்தம் எண்டு தனித்தனியாக் கூட்டிக் குறைக்கலாம், இலவசம், அதைப் போட்டுட்டு யாழ்ப்பாணத்துத் தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தியின்ரை தவிலை ஓட விடும், தொப்பி எண்ட தடிச்ச சத்தப் பக்கம் பூம் எண்டு வழிஞ்சா 100 ஹேர்ட்ஸ் சுத்துவட்டாரத்தில மெல்ல மெல்லக் குறைச்சுப் பாரும். கூட்டுறதைவிட குறைக்கிறதுதான் நல்லது, 6 டெசிபல் கூட்டினா அந்தச் சொப்ட்வெயரிலயே இருக்கிற ப்ரீஅம்பை (மொத்தச் சத்தத்தின்ரை அளவு) 6 குறைக்கோணும், இல்லாட்டி சத்தம் கிழியும். பாட்டுப் போடுற பிளேயரில வஸாபி எக்ஸ்குளூசிவ் மோட் (விண்டோஸின்ரை சத்த வேலையளைத் தாண்டி நேரா கார்டுக்குப் பாட்டை அனுப்பிறது) போட்டிருந்தா இந்த ஈக்வலைசர் வேலையே செய்யாது, கனபேர் இதில மண்டையைப் போட்டு உடைக்கிறவை.

இவ்வளவும் செய்தபிறகும் மவுஸை அசைக்க 'கீச் கீச்' எண்டுதோ, அது கொம்பியூட்டரின்ரை மதர்போர்டுக்குள்ளால வாறது. அப்ப வெளியில வைக்கிற யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை அம்புக்குப் போற சிக்னலா மாத்திற சின்னப் பெட்டி) ஒண்டு வாங்கும், லைட் மின்னுற கேமிங் கார்ட் வேண்டாம்.