தேங்காய் எண்ணெய் விட்டு இறுகிப்போன தையல் மெஷின்

அம்மாவின் மிதி மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு மூடிவைத்தேன், இப்போது சக்கரமே சுற்றவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசின் மாதிரி இறுகிவிடும், அதுதான் காரணம், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஊசி, பாபின் கேஸ் (அடிநூல் கண்டு வைக்கும் சின்னக் கூடு) இரண்டையும் கழற்றிவிட்டு, எண்ணெய்த் துளைகளில் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள் (பெல்ட்டில் படக்கூடாது, பக்கத்தில் அடுப்பும் கூடாது). காலையில் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, பழுப்பாகக் கசிவதைத் துடைத்துக்கொண்டே வாருங்கள், பலம் போட வேண்டாம். அப்புறம் ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றினால், துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில் பஞ்சு கம்பளி மாதிரி அடைந்திருக்கும், பழைய டூத் பிரஷ் போதும். கடைசியில் துளைக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் கட்டாயம், மண்ணெண்ணெய் அழுக்கைத்தான் கரைக்கும், தேய்மானத்தைத் தடுக்காது.