நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் ஒரு போதைதானே? என் கணவர் அதை எப்போது நிறுத்தலாம்?

நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பது இவ்வளவு: கணவர் இரண்டு வருடமாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு மாதமாக அரசு போதை சிகிச்சை மையத்தில், அந்தப் பழக்கத்திலிருந்து மீள நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை எடுக்கிறார். "ஒரு சனியனை விட்டு இன்னொரு சனியனா" என்று மாமியார் திட்டுகிறார். நிறுத்தச் சொல்லலாமா என்று நீங்களும் யோசிக்கிறீர்கள்.

தயவுசெய்து சொல்லாதீர்கள், சகோதரி. நான் டாக்டர் இல்லை. எல்லாவற்றையும் சுத்தமாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த தம்பியை, பதினோராம் நாள் இரவு குளியலறைத் தரையிலிருந்து தூக்கிய அக்கா.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். தம்பி டூவீலர் மெக்கானிக். வலிக்காக அவன் ஆரம்பிக்கவில்லை, கூட்டாளிகள் கொடுத்தார்கள். டேபென்டடால் என்கிற, கடுமையான வலிக்கு டாக்டர்கள் எழுதும் மாத்திரை. டிரமடால் என்கிற இன்னொரு வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தபிறகு எங்கள் பகுதிப் பையன்கள் கையில் புழங்கியது இதுதான். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையோடு அலைந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பரணில் சூட்கேஸ் எடுக்கப் போன அன்று ஐந்தாறு காலி சலைன் பாட்டில்கள் உருண்டு விழுந்தன. அவன் கையைப் பிடித்துச் சட்டையை மேலே ஏற்றினேன். முழங்கை மடிப்பில் நரம்பு சணல் கயிறு மாதிரி தடித்துக் கிடந்தது. மாத்திரையைச் சலைனில் கரைத்து ஊசியாகப் போட்டிருக்கிறான். வாயில் போடுவதற்குச் செய்த மாத்திரை அது. அதிலிருக்கும் மாவும் பசையும் ரத்தத்தில் கரையாது. குழாயை அடைக்கும், சீழ் வைக்கும், நுரையீரல் வரைக்கும் போகும்.

அம்மாவின் கம்மலை அடகு வைத்து ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். மூன்று மாதம். பிரார்த்தனை, யோகா, பூட்டிய கேட். மருந்து என்று எதுவும் கிடையாது. முதல் வாரம் என்ன பட்டான் என்பதைப் பிறகுதான் சொன்னான். முதலில் விடாத கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு. பிறகு வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் யாரோ முறுக்குகிற மாதிரி வலி, ராத்திரி முழுக்கக் காலை உதைத்துக்கொண்டே கிடப்பது. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். இந்த வேதனை மட்டும் சாதாரணமாக ஆளைக் கொல்லாது. கொல்வது அதற்குப் பிறகு வருவது.

கன்னம் உப்பி, சிரித்த முகமாக வந்தான். அம்மா வஞ்சிரக் குழம்பு வைத்தாள். பத்து நாள் வீட்டில் தீபாவளி. பதினோராம் நாள் பழைய கூட்டாளி ஒருத்தன் கூப்பிட்டான். அன்று ராத்திரி குளியலறைக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து விடுகிற குறட்டை மாதிரி, நடுவில் நீண்ட இடைவெளி. கதவை உடைத்தபோது உதடு நீலமாக இருந்தது. 108 வந்தது. ஆஸ்பத்திரியில் நலாக்சோன் என்கிற முறிமருந்து ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், மூச்சு மறுபடி மங்கலாம் என்று விடியும்வரை அனுப்பவில்லை.

அந்த டாக்டர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. "இவன் புதுசா அதிகமா எதுவும் போடலம்மா. பழைய அளவைத்தான் போட்டிருக்கான். மூணு மாசத்துல உடம்பு அந்தத் தாங்கும் சக்திய இழந்துடுச்சு. மனசு மட்டும் இழக்கல." மருந்துத் துணையில்லாமல் இல்லத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வருகிற முதல் சில வாரங்கள்தான் இந்த நோயில் மிகவும் ஆபத்தான காலம். புப்ரினார்ஃபினைத் திடீரென்று நிறுத்திய பிறகு வரும் வாரங்களும் அப்படித்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் பதறியது இதனால்தான்.

பிறகுதான் அரசு மையத்துக்குப் போனோம். முதல் நாள் மாத்திரை கொடுக்கவே இல்லை. "கடைசி ஊசி எப்போ போட்ட?" என்று மூன்று முறை கேட்டார்கள். குறைந்தது 12 மணி நேரம் தாண்டி, உடம்பு முறுக்க ஆரம்பித்தபிறகுதான் புப்ரினார்ஃபினைத் தொடங்க வேண்டும். முன்னாலேயே கொடுத்தால் இது உள்ளே போய், உடம்பில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய போதை மருந்தை ஒரேயடியாகத் தள்ளிவிடும், வேதனை பல மடங்காகும். "நாளைக்குக் கொட்டாவி விட்டுக்கிட்டே வா" என்று அனுப்பினார் அந்த நர்ஸ் அக்கா. மறுநாள் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் கொட்டினார். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. சில நிமிடம் கழித்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார். மதியத்துக்குள் தம்பி இட்லி கேட்டான்.

அவர் சொன்ன உதாரணம்தான் எனக்கு விளங்கியது. மூளையில் இந்த மருந்துகள் போய் உட்காருகிற இடங்கள் உண்டு. அதைப் பஸ் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெராயினும் டேபென்டடாலும் ஏறிக் குதித்துக் கூத்தடித்துவிட்டுச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், காலி சீட் அலறும். புப்ரினார்ஃபின் அமைதியான பயணி. உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது, வேறு யாரையும் உட்காரவும் விடாது. எவ்வளவு கூட்டினாலும் ஓரளவுக்கு மேல் அதன் வேலை ஏறாது. நால்ட்ரெக்சோன் என்று இன்னொரு மருந்து, தினமும் 50 மில்லிகிராம். அது சீட்டில் துண்டு மட்டும் போட்டுவைக்கும், ஆள் உட்காருவதில்லை. எல்லாம் விட்டு ஏழு முதல் பத்து நாள் ஆனபிறகுதான் தொடங்க முடியும். தினமும் கவனித்துக் கொடுக்க வீட்டில் ஆளிருந்தால் சிலருக்கு நன்றாக நிற்கிறது. தம்பி மாதிரி மனசு இன்னும் இழுத்துக்கொண்டே இருப்பவர்கள் அந்தத் துண்டை ஒரே நாளில் எடுத்து வீசிவிடுவார்கள். மெத்தடோன் என்கிற திரவ மருந்தும் உண்டு, நம் நாட்டில் சில இடங்களில்தான் கிடைக்கிறது.

இப்போது உங்கள் மாமியாரின் கேள்வி. ஆமாம், உடம்பு இந்த மாத்திரைக்குப் பழகிவிடும். திடீரென்று விட்டால் முறுக்கும். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் போதை என்பது உடம்பு பழகியது மட்டும் அல்ல. காலையில் எழுந்ததும் பணத்துக்கு அலைவது, காஸ் சிலிண்டர் காணாமல் போவது, அம்மா பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளிப்பது, அதுதான் போதை. இப்போது தம்பி எட்டரைக்கு மையம், ஒன்பதரைக்கு ஒர்க்‌ஷாப். சிலிண்டரை அவனே புக் பண்ணுகிறான்.

இது ஏதோ புதுச் சோதனையும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2005இல் மெத்தடோனையும் புப்ரினார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் 1995இல் குடும்ப டாக்டர்களே புப்ரினார்ஃபினை எழுதிக்கொடுக்க வழிவிட்டார்கள். நான்கு ஆண்டுகளில் போதை அளவு மீறியதால் வரும் மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன. இந்தியாவில் ஓபியாய்டு, அதாவது அபின், ஹெராயின், இந்த மாதிரி வலி மாத்திரை வகைப் போதைப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்று 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு சொல்கிறது. உங்கள் வீடு தனியாக இல்லை.

எப்போது நிறுத்துவது? அதற்குத் தேதி இல்லை. ஒரு வருடத்துக்குக் குறைவாக யோசிக்கவே வேண்டாம். அவரும் டாக்டரும் சேர்ந்து முடிவெடுத்து, மிக மெதுவாக, சிறு சிறு அளவாகக் குறைக்க வேண்டும். தம்பி இரண்டாம் வருடம் குறைத்துப் பார்த்தான். தூக்கம் போனது, கூட்டாளிகள் நினைப்பு வந்தது. டாக்டர் கோபப்படாமல் பழைய அளவுக்கே திருப்பினார். இடையில் சில நாள் விட்டுப்போனால் மையத்தில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அளவை மாற்றித்தான் கொடுப்பார்கள். இதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரவே கூடாது, மூச்சு நின்றுவிடும். மாத்திரை கரைந்தபிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் கெடும்.

ஊசி போட்டவர் என்பதால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் பரிசோதனை செய்தாகிவிட்டதா? தம்பிக்கு சி இருந்தது. பயந்து நடுங்கினோம். 12 வாரம் மாத்திரையில் முழுதாகக் குணமானது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதுவும் இலவசம்தான். போலீஸ் பயத்தால் சிகிச்சையை விடவும் வேண்டாம். தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கும் அடிமைநோயாளிகளுக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14446க்கு அழையுங்கள், கட்டணமில்லை.

மாமியாரை ஒருநாள் கூட அழைத்துப் போங்கள். எங்கள் அம்மாவிடமும் நான் விளக்கியது எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் தம்பியே கூட்டிப்போனான். மையத்து பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். திரும்பும்போது ஆட்டோவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "ஞாயித்துக்கிழமையும் தொறப்பாங்களாடா?"