இதயம் வேகமாகத் துடிக்கும்போது ஓர் எக்கோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்கு வயது 58. மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது; கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. இ.சி.ஜி., எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) இரண்டும் நார்மல். பிறகு எதற்கு ஸ்ட்ரெஸ் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள்?

அந்த இரண்டையும் நீங்கள் படுத்திருக்கும்போது எடுத்தார்கள். அழுத்தம் வருவதோ மாடி ஏறும்போது. இதய ரத்தக்குழாய் 70 சதவீதம் அடைபட்டிருந்தாலும், ஓய்வில் உள்ள தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். அடைப்புக்குக் கீழே உள்ள நுண்குழாய்கள் விரிந்து ஈடுகட்டிவிடும். துடிப்பு ஏறி, தேவை பெருகும்போதுதான் கணக்கு உதைக்கும். ரத்தம் போதாத இடத்தில் இதயச் சுவர் தடித்துச் சுருங்காமல் சோர்ந்துபோகும். இந்தச் சோர்வு இ.சி.ஜி. மாற்றத்துக்கும் நெஞ்சுவலிக்கும் முன்பே தலைகாட்டும். இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ தேடுவது அதைத்தான். எந்தக் குழாயில் கோளாறு என்பதும் ஓரளவு பிடிபடும்: முன்சுவரும் இதய நுனியும் சோர்ந்தால் எல்.ஏ.டி. (முன்பக்கம் இறங்கும் இடது தமனி), அடிச்சுவர் என்றால் பெரும்பாலும் வலது தமனி.

ஒரு எச்சரிக்கை. சும்மா இருக்கும்போதே அழுத்தினாலும், நாளுக்கு நாள் கூடினாலும் இந்தச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வெறும் டிரெட்மில் டெஸ்ட் போதாதா?

பலருக்குப் போதும். ஆனால் இ.சி.ஜி.யில் ஏற்கெனவே இடது கிளை அடைப்பு (ரத்தக்குழாயில் அல்ல, இதயத்தின் மின்பாதையில் வரும் தடை) இருந்தாலோ, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ, டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிட்டாலோ, ஓடும்போது வரும் இ.சி.ஜி. மாற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெண்களுக்கு டிரெட்மில் டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதும் அதிகம். இடது கிளை அடைப்பு எக்கோவையும் கொஞ்சம் குழப்பும்: நடுச்சுவர் தாறுமாறாக அசையும். அப்போது அசைவை விட்டுவிட்டு, சுவர் தடிக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். நடக்கவே சிரமம். ஊசி போட்டுச் செய்யலாம் என்கிறார்கள். எப்படி?

ஓடாமலே இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் டோபுட்டமின் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாகச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி 10, 20, 30, 40 என்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டுவது வழக்கம். அப்போதும் துடிப்பு வேண்டிய அளவை எட்டாவிட்டால் அட்ரோபின் என்ற மருந்தையும் சேர்ப்பார்கள். அது சிலருக்கு ஆகாது. அதனால், குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயோ, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைப்போ இருந்தால் அப்பாவை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து, இரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் பார்ப்பார்கள். நெஞ்சு படபடக்கும், சிலருக்குத் தலை கனக்கும், நடுக்கம் வரும். மருந்தின் அரை ஆயுள் சுமார் இரண்டே நிமிடம். நிறுத்தியதும் தணியத் தொடங்கும், தேவைப்பட்டால் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் ஊசி போடுவார்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், தொந்தரவு தரும் கடுமையான அயோர்ட்டிக் வால்வு சுருக்கம் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

இந்த வழியில் ஒரு லாபமும் உண்டு. பழைய மாரடைப்பால் அசையாமல் கிடக்கும் தசை, குறைந்த அளவு மருந்தில் துளிர்த்து, அதிக அளவில் மறுபடி சோர்ந்தால், அது செத்த தசை அல்ல, ரத்தத்துக்குத் தவிக்கும் தசை. அடைப்பை நீக்கினால் அது தேற வாய்ப்பு உண்டு.

எனக்கும் வயது 58. டிரெட்மில்லில் செய்த ஸ்ட்ரெஸ் எக்கோ ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று இருக்கிறது. அதிகபட்சத் துடிப்பு 118. நிம்மதியாக இருக்கலாமா?

இன்னும் இல்லை. 220-இல் வயதைக் கழித்தால் 162. அதில் 85 சதவீதம், அதாவது 138-ஐத் தொட்டிருக்க வேண்டும். நீங்கள் தொட்டது 73 சதவீதம்தான். கோளாறு இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. கோளாறு வெளிவரும் அளவுக்கு இதயம் உழைக்கவில்லை என்றுதான் பொருள். இதற்கு வழக்கமான காரணம் பீட்டா பிளாக்கர் மாத்திரை. நோயைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை என்றால், ஒன்றிரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வது உண்டு. ஆனால் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் நெஞ்சுவலி கூடலாம்.

அடுத்து, படம் எடுத்த நேரம். டிரெட்மில்லிலிருந்து இறங்கி, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, நான்கு கோணங்களிலும் படம் முடிய 60 முதல் 90 விநாடிதான் அவகாசம். அதைத் தாண்டினால் துடிப்பு இறங்கி, சோர்ந்த சுவர் பழையபடி சுருங்கத் தொடங்கிவிடும். கட்டில் டிரெட்மில்லை ஒட்டியே கிடப்பது அதற்காகத்தான். இறங்கியதும் தண்ணீர் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே படுத்துவிடுங்கள். மூச்சை எப்போது பிடிக்கச் சொல்கிறார்களோ அப்போது பிடியுங்கள்.

இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள்: 1 என்றால் சரியான சுருக்கம், 2 குறைவு, 3 அசைவே இல்லை, 4 எதிர்த்திசையில் பிதுங்கல். அடுத்தடுத்த இரண்டு பகுதிகள் தெரியவே இல்லை என்றால், படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘படத் தரம் சுமார்’ என்று எழுதி, கான்ட்ராஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அதையும் கேளுங்கள். துடிப்பு எட்டி, படமும் தெளிவாக இருந்து நெகட்டிவ் வந்தால் அதன் மதிப்பே வேறு: அடுத்த ஒரு வருடத்தில் இதய விபரீதம் நேரும் வாய்ப்பு பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழே.

சோதனை நாளில் காபி குடிக்கலாமா?

டோபுட்டமினுக்குப் பதில், இதய ரத்தக்குழாயை விரிக்கும் டைபிரிடமோல் அல்லது அடினோசின் கொடுத்துச் செய்வதென்றால் முந்தைய 24 மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. கஃபீன் அந்த மருந்துகளை வேலை செய்யவிடாது. டிரெட்மில், டோபுட்டமின் இரண்டுக்கும் அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் மூன்று நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும்.